இலையை யார் எடுப்பது

ராஜகீழ்ப்பாக்கம் தேவானந்தத்துக்கு அறுபத்திரண்டு வயதில் மறுபடி அசெம்பிளி மொழியில் கணினி நிரல் எழுதும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெரு பேசியது. பேசட்டும். தெருவுக்கு என்ன தெரியும்?

அவர் மனைவி நாகலக்ஷ்மி முப்பது வருடம் தமிழ்த் தட்டச்சராக இருந்தவள். பக்கவாதம் வந்து ஆறு மாதமாக நாக்கு புரளவில்லை, வலது கை பேனா பிடிக்கவில்லை. புத்தி மட்டும் கத்தி மாதிரி அப்படியே இருந்தது. மகள் மிருதுளா கைபேசியைக் கொடுத்துப் பார்த்தாள். பழைய தட்டச்சு இயந்திரத்தில் புள்ளியை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். நாகலக்ஷ்மியின் விரல்கள் அந்த வழக்கத்தை விடவில்லை. கைபேசி அதை ஏற்கவில்லை. மூன்றாம் நாள் அதைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

"நெட்ல ரெடிமேடா கெடைக்கும்பா," என்றாள் மிருதுளா.

கிடைத்த தட்டச்சு மென்பொருளையெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. திரையில் ஏதேதோ பெட்டிகள் எழும்பி அவளை மிரட்டின. சுவிட்சைப் போட்டால் வெறும் வெள்ளைத் தாள் வர வேண்டும் என்று பரணிலிருந்த பழைய கணினியை இறக்கித் தானே நிரல் எழுத உட்கார்ந்தார் தேவானந்தம். இளமையில் கிண்டியில் ஒரு கம்பெனியில் இதேதான் அவருக்கு வேலை. கணினி தன் முழு பலத்தோடு ஓடும் 'புரொடெக்டட் மோடு' என்ற நிலைக்குள் நுழைந்துவிட்டால் இயந்திரத்தோடு வந்த உதவிகள் கைவிட்டுவிடும். விசைப்பலகையோடு நாமே பேசியாக வேண்டும். விசையை அழுத்தினால் ஓர் எண் வரும், விட்டால் இன்னோர் எண். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இன்னொரு விசையை அடிக்க முடியாத ஒற்றைக் கைக்காரிக்காக, ஷிஃப்டை விட்ட எண்ணை அடுத்த எழுத்து விழும்வரை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நாளில் நாகு கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் தின்றபடி இதையெல்லாம் எழுதிய மதியங்கள் நினைவுக்கு வந்தன.

ஆனால் ஓர் எழுத்து விழுந்ததுமே திரை செத்தது. பத்து நாள் முட்டி மோதியும் காரணம் பிடிபடவில்லை.

அமாவாசையன்று வாழையிலையில் சாப்பிட்டு முடித்து அவர் இலையை எடுக்க, "விடுங்கப்பா, நான் எடுக்கறேன்" என்று மிருதுளாவும் இழுக்க, இலை கிழிந்து ரசம் வேட்டியில் வழிந்தது. நாகலக்ஷ்மி சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் எதை நினைத்துச் சிரிக்கிறாள் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில், பல்லாவரத்தில் அவள் பிறந்த வீட்டில் நடந்த மறுவீட்டு விருந்தன்று இதே கூத்துதான். அவர் வீட்டில் விருந்துக்கு அழைத்தவர் இலையெடுப்பார். அவள் வீட்டில் சாப்பிட்டவரே எடுக்க வேண்டும். ஒருவர் வழக்கத்தை இன்னொருவர் மதிக்கப்போய், இருவரும் இழுத்து, புதுமாப்பிள்ளை வேட்டியெல்லாம் பாயசம்.

சட்டென்று எச்சில் கையோடு கணினியிடம் ஓடினார். அசெம்பிளியிலும் ஒரு நிரல் இன்னொரு நிரலை வேலைக்கு அழைக்கும்போது நினைவக அடுக்கில் பரிமாறி வைத்த எண்களை, முடிந்ததும் அழைத்தவர் எடுக்கலாம், இல்லை அழைக்கப்பட்டவர் எடுக்கலாம். இருவரும் எடுத்தால் குடி முழுகிவிடும். அவர் இரண்டு இடத்திலும் எடுக்கச் சொல்லியிருந்தார்! ஒரு வரியை அழித்தார்.

நாகலக்ஷ்மி உட்கார்ந்தாள். விசைகளைப் பார்க்காமலே இடது கையால் அடித்தாள், புள்ளி முதலில், எழுத்து பின்னால். திரை சாகவில்லை. திரைக்கென்று அவர் தன் கையால் வரைந்து சேர்த்த எழுத்துகளில் இரண்டு சொற்கள் நின்றன: 'புள்ளி கோணல்'.

ஆறு மாதம் கழித்துப் பேசியவள் குறை சொல்லத்தான் பேசினாள். தேவானந்தம் ஓவென்று அழுதுவிட்டார்.

"நாளைக்கே சரி பண்ணிடறேன் நாகு."

இன்னும் பண்ணவில்லை. அவருக்கு அந்தத் திட்டு தினமும் வேண்டியிருக்கிறது.