ஷம்சாத்தின் ஆட்டுப்பட்டி

துபாயில் ஜெபல் அலிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லேபர் கேம்ப்பில் இன்றைக்கு மூவாயிரம் பேர். 2003-இல் முதன்முதலாக அந்த மணலில் இறங்கியவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் நானும் ஒருவன். வெற்று நிலம் என்று சொல்லித்தான் கம்பெனியில் அனுப்பினார்கள். வெற்று நிலமாவது, மண்ணாங்கட்டியாவது! அங்கே பதினோரு வருஷமாக ஷம்சாத் இருந்தார்.

பலூச்சிக்காரர். ஓர் அரபியின் நாற்பது ஆடுகளை மேய்த்தார். ஒரு தகரக் குடிசை, பக்கத்தில் கம்பும் பலகையும் வைத்துக் கட்டிய பட்டி, அவ்வளவுதான். முதல் நாள் எங்கள் தண்ணீர் லாரி வரவில்லை. தன் டிரம்மைத் திறந்துவிட்டு, "பியோ பாய், பியோ" என்று எங்களைக் குடிக்கச் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. "பால் காய்ச்சாம குடியேறுனா வெளங்குமாய்யா?" என்று ஆரம்பித்தவன் நான்தான். பாக்கெட் பால் இருந்தது. கேஸ் இன்னும் வரவில்லை. ஷம்சாத் மேய்ச்சலுக்குப் போயிருந்தார். அடுப்பெரிக்க நான் பட்டிக் கம்பில் கைவைத்தேன்.

"ராக்கப்பண்ணே, அது அந்தாளு பட்டிண்ணே" என்றான் பாண்டித்துரை.

"அட போடா, நாலு கம்பு போனா குடியா முழுகிரும்?"

நாலு எங்கே, ஒரு பக்கமே போயிற்று. எங்கள் வீட்டிலும் ஆடு உண்டு. பட்டி திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவனா நான்? பால் நன்றாகத்தான் பொங்கியது.

சாயங்காலம் திரும்பியவர் பதறிப்போய் எங்களிடம் ஓடிவந்தார். "மாலும் நஹி பாய்", எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். இருந்த கயிற்றைக் கட்டிச் சமாளித்தார். விடிந்து பார்த்தால், ஏழு ஆடுகள் லாரியில் அடிபட்டு ரோட்டில் கிடந்தன.

அரபி வந்தார். பட்டியை யாரோ பிரித்துவிட்டார்கள் என்று ஷம்சாத் அழுதார். அரபி நம்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, இவன் சொல்வது நிஜமா என்று இந்தியில் கேட்டார். ஒத்துக்கொண்டால் எனக்கு வேலை போகும். இல்லையென்றால் அவருக்குப் போகும்.

நாங்கள் வந்தபோதே பட்டி அப்படித்தான் கிடந்தது என்றேன்.

ஷம்சாத் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். அன்றைக்கே அவரைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விசா கேன்சலாகி ஊருக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பாவி நான், வேறென்ன சொல்ல?

போன மாதம் கேம்ப்புக்கு ஐந்தாம் ஆண்டு விழா. முதலில் வந்த ஆள் என்று எனக்கு மாலை போட்டார்கள். புதிதாக வந்திருக்கும் மணிகண்டன் கேட்டான்: "அண்ணே, நீங்க வர்றதுக்கு முந்தி இங்க யாருண்ணே இருந்தா?"

பாண்டித்துரை என் முகத்தையே பார்த்தான்.

"யாருமில்லப்பா, வெறும் மணலுதான்" என்றேன்.