ஒரே ரயில், இரண்டு பெட்டி

எங்கள் தீவில் ரோஸ் ஹில்லிலிருந்து துறைமுக நகரமான போர்ட் லூயிஸுக்குக் காலையில் வேலைக்குப் போனவர்கள் எதில் ஏறுவது என்று யோசித்து முடிவு செய்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துரைகளுக்கு ரயிலில் முதல் வகுப்பு, என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இரண்டாம் வகுப்பு, துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களுக்கு மூன்றாம் வகுப்பு. வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கும். ஆனால் எங்கள் தலைமைக் குமாஸ்தா ரயிலில் போனார்; அதனால் நானும் ரயிலில் போனேன்.

என் அண்ணன் மூன்றாம் வகுப்பு. ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஸ்டேஷன் வாசலில் பிரிந்துவிடுவோம். அவன் மூட்டை சுமந்துதான் நான் படித்தேன். எனக்கு சர்க்கார் வேலை கிடைத்தால் காவடி எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டவனும் அவன்தான்.

வேலை கிடைத்த வருஷம் பத்து நாள் விரதம் தொடங்கினான். முதல் நாள் காலை கோயிலிலிருந்து நேரே ஸ்டேஷனுக்கு வந்தான். வெறுங்கால், இடுப்பில் ரோஜா நிற வேட்டி. யாருக்காக வேண்டுதலோ அவர் நெற்றியில்தான் முதல் விபூதி பூச வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் ஜன்னலுக்குள் கையை நீட்டி, “தம்பி, விபூதி” என்றான்.

எதிரே தலைமைக் குமாஸ்தா. யார் இது என்று பிரெஞ்சில் கேட்டார். தெரிந்தவன் என்று நானும் பிரெஞ்சில் சொன்னேன். நெற்றியைக் காட்டவில்லை. துறைமுகத்தில் வேலை செய்பவனுக்கு அந்த அளவு பிரெஞ்சு புரியும். என் நாக்கில் சனி என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். சனியை ஏன் இழுக்க வேண்டும், நாக்கு என்னுடையது.

காவடியைக் குறையில்லாமல் எடுத்து முடித்தான். விபூதி மட்டும் மறுபடி கொண்டுவரவில்லை.

சில வருஷங்களில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பஸ்ஸுக்கு வந்தோம். பஸ்ஸில் வகுப்பு கிடையாது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். முதல் நாள் நான் முந்தி ஏறி, பக்கத்து இருக்கையில் குடையை வைத்து அண்ணனுக்கு இடம் பிடித்தேன். அவன் ஏறினான், பார்த்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அங்கே இடம் இருக்கிறதே, முகமும் ஒரே அச்சாக இருக்கிறது, உன் தம்பிதானே?” என்று கண்டக்டர் கிரியோலில் கேட்டான்.

“மோ கொன் லி” என்றான் அண்ணன். தெரிந்தவர், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவன் எனக்கு முந்தைய பஸ்ஸில் போனான்.