வெறும் ஓவன் ஓடிய சனிக்கிழமை

எங்கள் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அது அவ்வளவு சுலபத்தில் சரியாகிவிட முடியாது. அப்பா விடமாட்டார். ஹைதராபாத் குஷாய்குடாவில் எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த அரசு மின்னணுத் தொழிற்சாலையில், பழுதாகித் திரும்பி வரும் சர்க்யூட் போர்டுகளை ஆராயும் பிரிவில் அவருக்கு வேலை. அங்கே பழைய போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிட முடியாது. ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். சரிசெய்த பிறகும் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கிப் படுத்தி எடுக்க வேண்டும். அதற்கும் அசராமல் நின்றால்தான் அது வெளியே போகலாம். இந்தச் சட்டத்தை அப்பா அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, என் பொம்மை ரயில் எல்லாமே அவரிடம் பரீட்சை எழுதித்தான் தேறின.

ஓவன் மட்டும் அம்மாவுடையது. திருமுல்கேரியில் ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி கேக் வகுப்பு நடத்தினார். அம்மா பஸ் மாறிப் போய்க் கற்றுக்கொண்டாள். அவர்களுக்கு மாற்றலானபோது, ஒழுங்காகப் பயன்படுத்தப் போகிறவள் நீதான் என்று சொல்லித் தங்கள் ஓவனையே அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். முகப்பில் பொத்தான்கள், பச்சை வெளிச்சத்தில் எண்கள். அதைத் துடைக்க அம்மா ஒரு தனித் துணி வைத்திருந்தாள். அந்தத் துணியை நாங்கள் தொட்டால் அன்றைக்கு வீட்டில் பூகம்பம்தான்.

குடியிருப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அம்மாவின் கேக்தான் போகும். அப்படி ஒரு விருந்துக்கு வந்த பெண்மணி, பேகம்பேட்டில் அலுவலகங்களுக்கு நடுவே காபிக்கடை திறந்திருந்தார். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, தினமும் கடைக்குத் தர முடியுமா, முதலில் மாதிரிக்கு ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டார். அம்மா கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலியில் டீச்சராக இருந்தவள். ஹைதராபாத் வந்த பிறகு, வீட்டைத் தாண்டி ஒருவர் அவளைத் தேடி வந்து ஒரு வேலையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதிலிருந்தே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாதிரிக் கேக் நடுவில் குழிந்து, உள்ளே மாவாகவே வெளியே வந்தது. ஓவனில் பச்சை எண்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன. சூடு மட்டும் பாதியில் போய்விட்டிருந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். உள்ளே இருக்கும் கண்ட்ரோல் போர்டு போயிருக்கும், அதை மாற்றிவிட்டால் போதும், புதியது இரண்டு நாளில் வந்துவிடும் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்பா அவருக்கு டீ கொடுத்து, வாசல்வரை போய் மரியாதையாக வழியனுப்பி வைத்துவிட்டு வந்தார். காரணம் தெரியாமல் போர்டை மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும் என்பது அவர் வாதம். கடைக்காரப் பெண்மணியிடம் அம்மா கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினாள்.

அப்புறம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு கிடையாது. அப்பா ஓவனின் முதுகைத் திறந்து, என் உள்ளங்கை அகலப் போர்டை வெளியே எடுத்தார். மேஜையில் வைத்தால் அது சமர்த்தாக வேலை செய்தது. ஓவனுக்குள் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் கைவிரித்தது. சூட்டை அளக்கும் சென்சாரைக் கொதிக்கும் வெந்நீரில் முக்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். அது ஒரு குற்றமும் செய்யவில்லை. மாலையில் அவர் வேலை முடிந்து வந்ததும் நான் எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அதற்கு முன்னும் பின்னும் அப்பா என்னோடு அத்தனை நேரம் பேசியதில்லை. என் சிறுவயதில் மிகச் சந்தோஷமான நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன். அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாக உறுத்துகிறது.

அதற்குள் அம்மாவுக்கு இரண்டு முறை போன் வந்துவிட்டது. இரண்டாவது முறை அந்தப் பெண்மணி, சனிக்கிழமை மாலைக்குள் கேக் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஓவனின் சூட்டுக் கம்பிக்குப் பதிலாக ஒரு பல்பை போர்டில் இணைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து தலை உலர்த்தும் மெஷினைக் கடன் வாங்கி, போர்டின் மேல் சூடான காற்றை அடித்தார். சூடு ஏற ஏறப் பல்பு மினுக்கியது, பிறகு அணைந்தது. பென்சிலின் பின்பக்கத்தால் தட்டினார், எரிந்தது. பூதக்கண்ணாடி வழியாக எனக்கும் காட்டினார். மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே என்ற சின்னக் கறுப்புப் பெட்டியின் காலைச் சுற்றிப் பற்றவைத்திருந்த ஈயத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். சூட்டில் அது விலகிக்கொள்கிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. ஒரு சொட்டு ஈயத்தில் காரியம் முடிந்தது. நானும் அப்பாவும் கத்திய கத்தலில் அம்மா ஓடி வந்தாள்.

“சரியாயிட்டா?”

“ஆயிட்டு!” என்றார் அப்பா.

மறுநாள் காலை அம்மா குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, மாவைக் கலந்து தட்டில் ஊற்றிக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். ஓவன் மேஜையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கதவில், அப்பா சொல்ல நான் கலர் பென்சிலால் எழுதிய ‘திறக்காதே’ ஒட்டியிருந்தது. சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கும் அந்தப் பரீட்சை ஞாயிறு மாலைவரை நடக்கும் என்று அப்பா விளக்கினார்.

“ஏங்க, ஒரே ஒரு தடவ. இத மட்டும் எடுத்துக்கிடுதேன். அப்புறம் ஒரு வாரம் வேணும்னாலும் ஓட்டுங்க.”

“கேக் வச்சா அது டெஸ்ட் இல்ல, சமையல். நடுவுல திறந்தா மொதல்லருந்து ஆரம்பிக்கணும். நாளைக்குக் கடைக்குக் குடுக்கும்போது பாதியில நின்னுட்டுன்னா உன் பேருல்லா கெடும்?”

இதில் ஒரு பொட்டு வஞ்சகம் கிடையாது. அம்மாவின் பெயர் கெடக்கூடாது என்றுதான் அவர் அத்தனை பாடும் பட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஓவன் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

“நக்கோம்மா, வேண்டாம்! டெஸ்ட் ஓடுது!”

கேக் மாவு யாருக்காகவும் காத்திருக்காது. அம்மா குக்கரில் உப்பைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்துப் பார்த்தாள். அடி கருகியது, மேலே ஈரம். அதை யாரிடமும் காட்டாமல் மூடி வைத்தாள்.

மாலையில் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். அவள் பின்னால் ஓவன் முழுச் சூட்டில் வெறுமனே எரிந்துகொண்டிருந்தது.

“நை மேடம், அபி டீக் நை ஹுவா” என்றாள். இன்னும் சரியாகவில்லையாம்! மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று மிரட்டுகிற அம்மா! நேரே அப்பாவிடம் ஓடி, அம்மா போனில் ஜூட் சொன்னாள், பச்சைப் பொய் என்று போட்டுக்கொடுத்தேன். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார்.

“சரியாத்தானே சொல்லிருக்கா? டெஸ்ட் முடியலல்லா. பாத்தியா, உங்கம்மாவுக்கே புரிஞ்சிட்டு.”

அதையும் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவள் தொட்டியில் கருகிய தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாட்டி. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

ஓவன் ஞாயிறன்று தேறியது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அது பழுதாகவில்லை என்று அப்பா இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறார். உண்மைதான். அம்மா அதில் கேக் சுடுவதை மெல்ல நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். இப்போது கேட்டால், அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு என்கிறாள்.

வீட்டுக்காரர் திறக்க விடவில்லை என்று வெளியாளிடம் சொல்லி அப்பாவை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தான் ஆசைப்பட்டது கையைவிட்டுப் போகும்போதும் பழியை ஓவன்மேல் போட்டாள். இது எதுவும் எனக்கு அன்று தெரியவில்லை. எங்கள் ஓவன் ஜெயிக்கப்போகிறது, அம்மாவும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று துள்ளிக்கொண்டு, பச்சை எண்களைப் பார்த்துவர மேஜைக்கு ஓடினேன்.