கிளாட்வின் அடைத்த பெட்டி

திரேஸ்புரத்தில் கிளாட்வினைத் தெரியாத படகுக்காரன் இல்லை. ஜிபிஎஸ் செத்தாலும் அவன்தான், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் மக்கர் செய்தாலும் அவன்தான். ஐடிஐயில் ரேடியோ மெக்கானிக் படித்தான். கப்பல் வேலைக்கு மூன்று தடவை போய், மூன்று தடவையும் கண் டெஸ்டில் திரும்பி வந்து, மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் கடை போட்டான். இருபத்திரண்டு வருடமாக அவனுக்கு ஒரே பெருமை: அவன் அடைத்த பெட்டிக்குள் உப்புக்காற்று நுழையாது. மூடியைச் சுற்றிப் பசை, பசைமேல் கிரீஸ், அதற்குமேல் சைக்கிள் டியூப். உப்பு தின்ற சர்க்யூட்டுகளை நாங்கள் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறோம். அதனால் அவன் அடைப்பு எங்களுக்கு வேதவாக்கு.

போன வருடம் எங்கள் நாட்டுப்படகுச் சங்கம், கடல் எல்லையை நெருங்கினால் கூவுகிற பெட்டி ஒன்றைப் படகுக்குப் படகு வைக்க முடிவு செய்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர். பெட்டி கிளாட்வின் பொறுப்பு. புரோகிராம் எழுத நாசரேத்திலிருந்து ஜெபிஷா வந்தார். பாலிடெக்னிக் ஆசிரியை, தன் மாணவர்களையும் இந்த வேலையில் சேர்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கிளாட்வின் அவரை வாய் நிறைய ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து முப்பது பேர் வலைக்கூடத்தில் கூடினோம். எழுதிய புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர் என்று ஜெபிஷா விளக்கினார். அதை அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓட்ட வேண்டும், கால் மணி நேரம் ஆகும். எட்டாவது நிமிடம் அது செத்தது. திரும்ப ஓட்டினார், ஆறாவது நிமிடம் செத்தது. மூன்றாவது தடவை ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

“அண்ணாச்சி, என் புரோகிராம்ல தப்புன்னா ஒவ்வொரு தடவையும் ஒரே வரியிலதான் நிக்கணும். இது வேற வேற இடத்துல நிக்கி. மூடியத் திறந்து பாப்போமா?” என்றார் ஜெபிஷா.

மூடி என்ற சொல்லைக் கேட்டதும் கிளாட்வினுக்கு முகம் கறுத்துவிட்டது.

“ஏளா, கடலே இல்லாத ஊர்ல இருந்து வந்து எனக்குப் பெட்டி அடைக்கச் சொல்லித் தாரியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்!”

முப்பது பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். ஜெபிஷா லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார், “சரி அண்ணாச்சி” என்றார், பஸ்ஸுக்குப் போய்விட்டார். ‘அந்த டீச்சருக்கு ஒண்ணும் தெரியல’ என்ற பேச்சு அவருடைய பாலிடெக்னிக் வரை போனது. மாணவர்களை அனுப்ப மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை கிளாட்வின் என்னைக் கடைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான். வேறொரு வயர் மாற்றுவதற்காக மூடியை அறுத்திருக்கிறான். உள்ளே தொட்டதும் விரல் சுட்டுவிட்டது. ஜெபிஷா விட்டுப்போன அதே புரோகிராமை மூடியில்லாமல் ஃபேன் காற்றில் ஓட்டிப் பார்த்தான். கம்பைலர் முழுசாக ஓடி முடிந்தது. மூடினான், செத்தது. திறந்தான், ஓடியது. மற்ற நேரம் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர் அந்தக் கால் மணி நேரம்தான் முழு மூச்சாய் உழைக்கிறது. உப்பு வரக்கூடாது என்று அவன் அடைத்த அடைப்பில் சூடு வெளியே போக வழியில்லை.

“அந்தப் பிள்ள சொல்லிச்சுலே. முதல் நாளே சொல்லிச்சு” என்றான். என் முன்னாலேயே ஜெபிஷாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டான்.

“எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி கேக்கிய? அன்னைக்கு அங்கன இருந்தவங்ககிட்ட சொல்லுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு சொல்வதாக இருந்தான். பெட்டியின் பக்கவாட்டில், தண்ணீர் புகாதபடி கீழ்நோக்கித் துளை போட்டுக் கொண்டு வந்தான். கம்பைலர் ஓடி முடிந்தது, பெட்டி கூவிக் காட்டியது, கூடமே கைதட்டியது. “படிச்சவங்க கைவிட்டத நம்ம கிளாட்வின் சரிபண்ணிட்டான்” என்று தலைவர் பொன்னாடை போர்த்தினார். கிளாட்வின் வாயைத் திறந்தான். “எல்லாரும் சேந்து செஞ்சதுதான்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். உண்மை தெரிந்த இன்னொருவன் நான். நானும் கைதட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதற்குப் பிறகு அவன் கடையில் பாட்டு வைப்பதில்லை. நாசரேத் பஸ் போனால் தலையைக் குனிந்துகொள்வான். நான் கேலி செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது?

இந்த வருடம் சங்க ஆண்டு மலரில் கிளாட்வினைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். ஐடிஐ, கடை, பொன்னாடை என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

“எழுந்து நின்னு சொல்ல எனக்கு வாய் வரலலே. நீ எழுது. என் பேரப் போட்டே எழுது. இல்லன்னா என்னயப் பத்தி ஒண்ணுமே எழுதாத.”

எழுதிவிட்டேன். ஜெபிஷா டீச்சர், உங்கள் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எங்கள் இருவருக்கும் பதினொரு மாதம் ஆகியிருக்கிறது.