ஒட்டகத்தின் வயிற்றுக்கு ஆள் தேடிய நோலீன்

நோலீன் டிரெகென்சாவுக்கு உலகத்தில் எல்லாரும் 'கண்ணு'தான். துணைவேந்தர் அடிலெய்டிலிருந்து எங்கள் போர்ட் அகஸ்டா வளாகத்தைப் பார்க்க வந்தபோதும், "கண்ணு, அங்க நிக்காத, துப்பிருவான்" என்றாள். அவர் நகரவில்லை. கெல்வின் துப்பினான். கெல்வின் எங்கள் பல்கலைக்கழகத்து ஒட்டகம்.

நான் அங்கே ஆய்வு நிதி அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். படித்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதையெல்லாம் எழுதி எழுதி எனக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிட்டது. அந்த வளாகத்தில் நான் மதித்த ஒரே ஆள் நோலீன்.

பக்கத்து ஊரான குவார்னில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்டவன் லாரி ஓட்டுபவன். டார்வினில் சரக்கு இறக்கப் போனவன் தன்னையும் அங்கேயே இறக்கிக்கொண்டான். நோலீன் அழுது முடித்துவிட்டு நெடுஞ்சாலை மதுக்கடையின் சமையலறையில் இறைச்சி பொரிக்கப் போனாள். முட்டி தேய்ந்ததும் எங்களிடம் தரை துடைக்க வந்தாள். அப்போதுதான் வடக்கே பெருகிப்போன காட்டு ஒட்டகங்களை அரசு சுட்டுத் தள்ளியதில் தாயை இழந்த குட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்கள். கிட்டே போனவரையெல்லாம் கடித்தது. நோலீன் துடைப்பத்தோடு நின்று சிகரெட் பிடித்தபடி, "வாய மூடுடா" என்றாள். மூடிக்கொண்டது. அந்தக் குட்டிதான் கெல்வின். அன்றைக்கே அவளை ஒட்டகப் பராமரிப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

இனி கெல்வினுக்கு வந்த ஆய்வு நிதியின் கதை. மருத்துவமும் உயிரியலும் கைகோத்து ஆராய வேண்டும், நான்கு துறைகள் சேர்ந்து வந்தால்தான் பணம் என்று பல்கலைக்கழகம் ஒரு திட்டம் போட்டது. எங்கள் துறைகள் வண்டி நிறுத்தும் இடத்துக்குக்கூடச் சேர்ந்து வராதவை. ஆனாலும் பணம் பணம்தானே! ஒட்டகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரத்தம் மருந்து செய்கிறவர்களுக்கு. சிறுநீரகம், தண்ணீர் இல்லாமல் உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்க்கிறவர்களுக்கு. பாதம், சர்க்கரை நோயாளிகளுக்குச் செருப்பு வடிவமைக்கிறவர்களுக்கு. வயிறு, அதில் வாழும் கிருமிகளை ஆராய்கிறவருக்கு. தீவனம் வயிற்றுக்குள் போவதால் தீவனச் செலவு வயிற்றின் தலையில். கையெழுத்துப் போட்டார்கள், டீ குடித்தார்கள், அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சில வருடம் இப்படி ஓடியது. திடீரென்று வயிற்றுப் பேராசிரியருக்குப் பெர்த்தில் நல்ல வேலை கிடைத்து அவர் போய்விட்டார். கெல்வினின் வயிறு அநாதையாயிற்று.

மறுநாளே தீவனம் நின்றது. நோலீன் நேராகக் கணக்கு அதிகாரி ஹெட்லியின் அறைக்குள் புகுந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

"வைக்கோல் எங்க, கண்ணு?"

"நோலீன், வைக்கோல் வயித்துக் கணக்கு. அந்தக் கணக்கை மூடியாச்சு," என்றான் ஹெட்லி. நல்ல பையன்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"சரி, கால் கணக்கு திறந்துதானே இருக்கு? அதுல எழுது."

"கால் திங்காதே."

"உன் மூஞ்சி! வயிறு திங்கலேன்னா கால் எப்படிடா நிக்கும்?"

"எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்குப் புரியலியே." கொஞ்சம் தயங்கிவிட்டு அவன் அடுத்ததையும் சொன்னான். "இன்னொண்ணு. நாலு துறை இல்லேன்னா ஜூன் கடைசியோட திட்டமே முடிஞ்சிரும். சொந்தக்காரன் இல்லாத ஆய்வு மிருகத்தை வெளிய விடவோ விக்கவோ கூடாது. கால்நடை டாக்டர் வந்து... ஊசி."

நோலீன் கதவுப் பக்கம் திரும்பினாள். "யாருக்கு ஊசி போடணுமோ அவங்களுக்குப் போடுறதில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினாள்.

அன்றிலிருந்து கெல்வினைக் கயிறு போட்டு நெடுஞ்சாலை ஓரத்து உப்புப் புதரில் மேய்த்தாள். உடனே சிறுநீரகத் துறையிலிருந்து கோபமாகக் கடிதம்: உப்பு தின்றால் எங்கள் அளவுகள் கெட்டுப்போகும். சரி என்று உப்பில்லாத புல் தேடித் தூரமாக நடத்திப் போனாள். பாதத் துறை அலறியது: தார் ரோட்டில் நடந்தால் பாதம் தேயும்! நடக்காமல் எப்படி மேய்வது? குதிரைகளை ஏற்றிப்போகும் இழுவண்டி ஒன்றை இரவல் வாங்கி, கெல்வினை அதில் ஏற்றி, புல் இருக்கும் இடத்தில் இறக்கிவிட்டாள். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒட்டகத்தை வண்டியில் பார்த்து ஊரே கையாட்டியது. அவனும் பெரிய மனுஷன் மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

நடுநடுவே வயிற்றுக்கு ஆள் தேடி அவள் ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கினாள். பல் மருத்துவத்தில் ஆசையாக வந்து வாயைத் திறந்து பார்த்தார்கள். கெல்வின் ஒருவருடைய கண்ணாடியைத் தின்றுவிட்டான். செவிலியர் துறையில், ஒட்டகத்துக்குப் படுக்கை விரிக்க முடியாது என்றார்கள். கடைசியில் உளவியல் துறை டாக்டர் ஆனலீஸ் கூகல் கதவைத் தட்டினாள். ஆனலீஸ் முதியோர் இல்லங்களைப் பற்றி ஆராய்கிறவள், மெல்லப் பேசுவாள்.

"வயிறு எங்களுக்கு ஆகாது நோலீன். மனசுன்னா எடுத்துக்குவேன்," என்றாள்.

"அவனுக்கு மனசு எக்கச்சக்கமா இருக்கு கண்ணு. மொத்தமா எடுத்துக்க!"

நான்காவது துறை கிடைத்துவிட்டது. ஆனால் நிதிக் குழு சும்மா விடுமா? பாகத்தை எடுக்கும் துறை அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும், விதி அப்படி. குழு கூடியது. மனசு மூளையில் என்றால் மூளைக்குத் தனி அனுமதி வேண்டும். மனசு ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களில் என்றார் ஒருவர். ரத்தத்துறைக்காரர் எழுந்து, எங்கள் இடத்தில் கை வைக்காதீர்கள் என்றார். பாதத் துறைத் தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தனையையும் நான்தான் எழுதினேன், கடவுளே!

கடைசியில் நோலீனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வயித்துலதான். பசிச்சா கடிப்பான். தின்னா கொஞ்சுவான். அவன் மனசு வேற எங்கயும் போய் நான் பார்த்ததில்ல."

யாரிடமும் மறுப்பு இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வேறு தாண்டியிருந்தது. கெல்வினின் மனம் வயிற்றில் இருப்பதாக ஒருமனதாகத் தீர்மானம். மனசு வயிற்றில் என்றால் தீவனமும் மனசின் கணக்கில். ஹெட்லி ஓடி வந்து நோலீனைக் கட்டிக்கொண்டான். ஆனலீஸ் மட்டும் ஓரமாக நின்றாள்.

"நோலீன், ஒரு விஷயம் இருக்கு," என்றாள். "முதியோர் இல்லத்துல பழகின நர்ஸை மாத்திட்டா அவங்க மனசு என்ன ஆகுதுன்னுதான் என் ஆய்வு. அதே மாதிரி கெல்வினுக்கும்... பழகினவங்களைப் பிரிச்சுப் பார்க்கணும். நீங்க அவன் கண்ணுல படவே கூடாது."

"எத்தனை நாளு?"

"நிதி இருக்கிற வரைக்கும். மூணு வருஷம்."

நோலீன் என்னைப் பார்த்தாள். பிறகு ஆனலீஸ் பக்கம் திரும்பினாள்.

"ஊசி போடமாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"வைக்கோல்?"

"வேணுங்கிற அளவு."

"பேனா குடு கண்ணு," என்றாள் நோலீன்.

அவளை நூலகத்தில் தூசி தட்டப் போட்டார்கள். ஒட்டகத்துக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தான். கெல்வின் ஏங்கிச் சாகப்போகிறான் என்று வளாகமே துக்கத்துக்குத் தயாராக இருந்தது. நானும் கைக்குட்டையோடுதான் பார்க்கப் போனேன். முதல் நாள் அவன் புது ஆளைக் கடித்தான். மறுநாள் அந்த ஆளின் தோளில் தலையை வைத்துக்கொண்டு தின்றான். நாளுக்கு நாள் கொழுத்தான், படுபாவி!

நோலீன் வந்து கேட்டால் யாருக்குச் சொல்ல வாய் வரும்? "பாவம், உன்னையே தேடுறான், மெலிஞ்சுட்டான்" என்று ஆளாளுக்கு ஒரு பொய் சொன்னார்கள். அவளைச் சந்தோஷப்படுத்துகிறார்களாம்.

ஒரு நாள் காலையில் அவள் துடைப்பத்தை வீசிவிட்டு ஒட்டகக் கொட்டகைப் பக்கம் ஓடுவதை ஜன்னலில் பார்த்தேன். அவன் கண்ணில் ஒரு தடவை பட்டால் ஆய்வு கெட்டது, நிதி போயிற்று, ஊசிதான். ரத்தக்கொதிப்பையும் பார்க்காமல் ஓடிப் போய் வழி மறித்தேன்.

"விடு! அவன் பட்டினி கிடக்கிறான். நான் கையால குடுத்தா திம்பான்."

"நோலீன், நில்லு. அவன் நல்லா திங்கிறான்."

"பொய் சொல்லாத."

"அவங்க சொன்னதுதான் பொய். சத்தியமா கொழுத்துப்போயிருக்கான்."

அவள் என்னைத் தள்ளுவதை நிறுத்தினாள். "என்னைத் தேடலையா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"இல்ல, நோலீன்."

அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருஷன் போனதற்குக்கூட அப்படி அழுதிருக்கமாட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய?

"நன்றி கெட்ட நாயே," என்றாள் ஒட்டகத்தை. மூக்கைச் சிந்தினாள். "ஆனலீஸ் இதை எழுதுவாளா?"

"எழுதித்தானே ஆகணும். பராமரிப்பவரைப் பிரிஞ்சதால ஒரு பாதிப்பும் இல்லேன்னு."

"உலகம் பூரா படிக்குமே கண்ணு. என் பேரு வருமா?"

"வராது. பராமரிப்பாளர்னு மட்டும்தான் வரும்."

கொட்டகையிலிருந்து அவன் வைக்கோல் மெல்லும் சத்தம் கேட்டது. நோலீன் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப சரி," என்று என் தோளைப் பிடித்து எழுந்தாள். "தின்னட்டும்."