கிளிப் தேய்த்தவள்

ராத்தாவின் ராக்கெட் தஞ்சாவூரில் பறக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்பது எங்கள் வீட்டில் முடிந்துபோன தீர்ப்பு. கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது அதை எடுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அப்போது நான் ஆறாவது படித்தேன். என் அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், பத்தாவது. நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவின் பாதி ஆண்கள் சவூதியிலும் துபாயிலும் இருந்தார்கள். வாப்பாவுக்குத் தம்மாமில் ஏசி மோட்டார்களுக்குக் காயில் கட்டும் வேலை. அந்த முறை லீவில் வந்தபோது ராத்தாவுக்கு ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் கொடுத்ததாம். உள்ளே காகிதத்தால் செய்த ராக்கெட், கட்டைவிரல் பருமனில் மருந்து அடைத்த மூன்று குழல்கள், பற்றவைக்க மெல்லிய கம்பிகள். கரண்ட் கொடுக்கும் பெட்டி மட்டும் இல்லை.

அதை ராத்தாவே செய்தாள். மோட்டார் சைக்கிள் பேட்டரி, ஒரு ஸ்விட்ச், இருபதடி ஒயர், ஒயரின் முனையில் இரண்டு கிளிப். அந்தக் கிளிப்புக்காகத்தான் என்னை இழுத்துக்கொண்டு பேட்டரிக் கடைக்கு நாலு தடவை நடந்தாள். பெரிய கிளிப் கனத்தால் கம்பியை உருவிவிடும். பல் வைத்தது கம்பியைக் கடித்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்தது பிடிக்கவே பிடிக்காது. "நகைக் கடையில உக்காந்த மாதிரியில்ல பாக்குது பாப்பா" என்றார் கடைக்காரர். கடைசியில் பல்லே இல்லாமல், தட்டை வாயோடு இருந்த இரண்டு சின்னச் செம்புக் கிளிப்புகளை எடுத்தாள்.

முதல் ராக்கெட்டைக் கடற்கரையில் விட்டோம். மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து, நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் உயரத்துக்குப் போய், சிவப்புக் குடை விரித்து இறங்கியது. மறுநாள் இரண்டாவது குழலை வைத்து அழுத்தினால் பற்றவில்லை. ராத்தா கிளிப்பின் வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

"கரி ஏறியிருக்கு பாரு. இது இருந்தா கரண்ட் போவாது. உப்புத்தாள வச்சுத் தேயி. செம்பு தெரியணும்."

தேய்த்துக் கொடுத்தேன். பறந்தது. அன்றிலிருந்து கிளிப் என் பொறுப்பு. மூன்றாவது குழலைத் தஞ்சாவூர் அறிவியல் கண்காட்சிக்கென்று எடுத்து வைத்தோம்.

பள்ளிக்கூடத்தில் வாப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

"பத்தாவதோட நிறுத்திடாதீங்க. படிக்கிற பொண்ணு" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"தஞ்சாவூர்ல பரிசு வாங்கட்டும் டீச்சர். நானே கொண்டாந்து பிளஸ் ஒன்ல சேக்கிறேன்."

வாப்பா சொன்ன சொல்லை மாற்ற மாட்டார் என்று ஊரில் பெயர். ராத்தா அன்று சாப்பிடும்போதுகூடத் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வாப்பாவின் கம்பெனி ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போனால் வேலை இருக்குமா என்று தெரியாது. வந்தவர் சார்ஜாவுக்கு விசா எடுத்துத் தரக்கூடியவர். அவருக்குக் கல்யாணமாகாத ஒரு தம்பி இருந்தார். உம்மா பிஸ்கெட் தட்டை ராத்தாவிடம் கொடுத்து அனுப்பினார். தட்டில் மிச்சம் வருமா என்பதுதான் என் கவலை.

கண்காட்சிக்கு முந்தின நாள் அசர் தொழுகைக்குப் பிறகு, கிளிப்புகளைப் பளபளவென்று தேய்த்து ஜன்னலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஜன்னலருகே வாப்பா உட்கார்ந்திருந்தார். அவருடைய டூல் பெட்டி திறந்திருந்தது. கிளிப்பின் வாய் மூடாமல் தீக்குச்சியைச் செருகி, உள்ளே சின்ன பிரஷ்ஷால் எதையோ பூசிக்கொண்டிருந்தார். காயிலுக்குப் பூசும் வார்னிஷின் வாசனை எனக்குத் தெரியும்.

"என்ன வாப்பா பூசுறீங்க?"

"கடக்காத்துல துரு புடிச்சிரும்மா. இதப் பூசுனா நாளைக்கும் இப்புடியே பளபளன்னு இருக்கும்."

"ராத்தாட்ட சொல்லட்டா?"

"வேணாம். அவ வேலையில நா கை வச்சேன்னு கோவிச்சுக்கும்."

காயும்வரை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். நானும் கூட உட்கார்ந்து ஊதினேன்.

தஞ்சாவூரில் பள்ளி மைதானத்தில் எங்களைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். ராத்தா பத்திலிருந்து எண்ணி ஸ்விட்சை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஓடிப்போய்க் கிளிப்பைத் திறந்து பார்த்தாள், புதுசுபோல மின்னியது. மாட்டினாள், அழுத்தினாள். நடுவராக வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லம்மா, அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கூட்டம் கலைந்த பிறகும் ராத்தா ஸ்விட்சை விடவில்லை.

"நீ தேச்சியா?" என்று என்னைக் கேட்டாள்.

"தேச்சேன் ராத்தா."

"மேலாக்கத் தொடச்சுட்டு வந்திருக்க."

"இல்ல ராத்தா, நெசமாத் தேச்சேன்."

எங்களோடு வந்திருந்த வாப்பாவைப் பார்த்தேன்.

"சின்னப் புள்ள. விட்டுரும்மா" என்றார் வாப்பா.

வீட்டுக்கு வந்ததும் கிளிப்போடு ஒயரைக் குப்பையில் போட்டாள். பரீட்சை முடிந்ததும் விசாக்காரரின் தம்பியோடு நிக்காஹ் நடந்து, ராத்தா சார்ஜாவுக்குப் போனாள். வாப்பாவுக்கு விசா வந்தது. சார்ஜாவிலிருந்து அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் லேபில் காயிலை வார்னிஷில் முக்கி எடுத்த சார், "இது காஞ்சிட்டா கரண்ட் தாண்டாது" என்று சாதாரணமாகச் சொன்னார். கூட இருந்தவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் நோட்டை மூடிவைத்தேன்.

லீவில் வந்த வாப்பாவிடம் கேட்க வாயெடுத்தேன். "பீஸ் கட்டிட்டியாம்மா?" என்றார். கட்டிவிட்டேன் என்றேன். அவர் மவுத்தாகி, அடக்கம் செய்தும் வருடங்களாகிவிட்டன. ராத்தா இன்னும் சார்ஜாவில்தான் இருக்கிறாள். போன மாதம் போனில், "உண்மையச் சொல்லு, அன்னக்கி நீ தேய்க்கலதானே" என்று சிரித்தாள். "ஆமா ராத்தா, தேய்க்கல" என்றேன்.

அன்று தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ராத்தா எங்களுக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். திருவாரூர் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. நான் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன். வாப்பா என்னைத் தன் பக்கம் சாய்த்து, காதோடு சொன்னார்: "நீ ஒரு தப்பும் பண்ணலம்மா."

வாப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.