பெரிய டயர் போட்ட மாணிக்கம்மாள்

மந்தாரக்குப்பத்தில் லாரி வைத்திருந்த முதலாளிகள் நிறையப் பேர். லாரிக்கு அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டையைத் தட்டிப் பார்க்கிற முதலாளி ஒருத்திதான், மாணிக்கம்மாள். அப்பாவும் அம்மாவும் முத்தாண்டிக்குப்பத்தில் அடுத்தவர் முந்திரிக் காட்டில் கூலிவேலை செய்தவர்கள். கல்யாணமாகி இங்கே வந்தவள் நெய்வேலி நிலக்கரி மைன்ஸ் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இட்லி சுட்டு விற்றாள். புருஷன் போய்ச்சேர்ந்த பிறகும் அடுப்பை அணைக்கவில்லை. ஐந்தே வருஷத்தில் பழைய லாரி ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். பொம்பளைக்கு எதற்கு லாரி என்று சிரித்தவர்களே, பிறகு செங்கல் சூளைக்குக் கரி ஏற்ற வண்டி கேட்டு அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம் அந்த லாரியின் டயர்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. பழையவை ஒன்பது இன்ச் அகலம். மறுபடி அதையே போடுவதா, ஒரு சைஸ் கூட்டி, உயரமும் கூடிய பத்து இன்ச் போடுவதா என்ற கேள்வி வந்தது. டிரைவர் அய்யனாருக்கு ஒன்பதுதான் இஷ்டம்.

"பெரிய டயர் போட்டா மைன்ஸ் மேட்டுல வண்டி தெணறுங்கக்கா. கியர மாத்திக்கினே கெடக்கணும்" என்றான்.

"மேடு எத்தினி தூரம்டா? அத தாண்டிட்டா சூள வரைக்கும் சமமான ரோடு. பெரிய டயரு பாரம் தாங்கும், வெயில்ல வெடிக்காது. ஒரு சுத்துக்குக் கூட தூரம் ஓடும். இஞ்சினுக்கும் அலைச்சல் இல்ல, டீசலும் மிச்சம்" என்றாள் மாணிக்கம்மாள்.

கடை கடையாக ஏறி விசாரித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள். ரிம்மையும் சேர்த்து மாற்றி, பத்து இன்ச்சே போட்டாள். டீசல் மிச்சமாகப் போகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தாள்.

பாரத்தைப் பொறுத்தவரை டயர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றின. டீசல்தான் காலை வாரியது. ஒரு நாள் பண்ருட்டி, ஒரு நாள் கடலூர் என்று வண்டி வெவ்வேறு சூளைக்குப் போவதால், மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை வைத்துத்தான் அவள் டீசல் கணக்குப் பார்ப்பாள். அந்தக் கணக்கில் மாதக் கடைசியில் இரண்டு டின் டீசல் கூடுதலாகி உதைத்தது. தான் எடுத்த முடிவு தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு ரோஷக்காரி. அப்படியென்றால் தப்பு வேறு எங்கே? சந்தேகம் நேராக ஸ்டியரிங்கைப் பிடித்தவன் மேல் போய் உட்கார்ந்தது.

ஒரு சாயங்காலம் டீக்கடையில் நாலு டிரைவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள். "ஏண்டா அய்யனாரு, டேங்குல குழாயப் போட்டு உறிஞ்சி யாருக்குடா விக்கிற?"

டீசல் திருடன் என்று பேர் விழுந்துவிட்டால் நெய்வேலிப் பக்கம் எவனும் வண்டியைத் தரமாட்டான். அய்யனார் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு நீங்களே வண்டியில ஏறிக்கினு வாங்கக்கா. பாத்துட்டு அப்புறம் சாவிய வாங்கிக்கினு அனுப்பிடுங்க."

மறுநாள் கடலூருக்கு லோடு. மாணிக்கம்மாள் கேபினில் ஏறி உட்கார்ந்து மீட்டரையே முறைத்துக்கொண்டு வந்தாள். குள்ளஞ்சாவடி தாண்டியதும் பார்வை சாலையோரத்து மைல்கல்லுக்குப் போனது, பிறகு மீட்டருக்கு வந்தது. முதல் சில கற்கள் வரை ஒன்றும் தெரியவில்லை. போகப் போகக் கற்கள் முந்திக்கொண்டன, மீட்டர் பின்தங்கியது. கடலூரை நெருங்கும்போது மீட்டர் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரை முழுங்கிவிட்டிருந்தது.

"ஓரங்கட்டு" என்றாள்.

இறங்கிப் போய் டயர் பக்கத்தில் நின்றாள். மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரம் சுற்றுகிற சுற்றுதான் தெரியும். பழைய டயரின் சுற்றையே மனதில் வைத்துக்கொண்டு அது எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும் என்று அய்யனாரிடம் சொன்னவளே அவள்தான். மைல்கல் கணக்குப்படி பார்த்தால் கூடுதல் பாரத்துக்கும் டீசல் ஒரு சொட்டு கூடவில்லை. டயர் விஷயத்தில் அவள் கணக்கு சரி. ஆள் விஷயத்தில்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள்.

வேறு முதலாளியாக இருந்தால் ஒரு புது வேட்டி வாங்கிக் கொடுத்து விஷயத்தை அமுக்கியிருப்பார். மாணிக்கம்மாள் அன்று சாயங்காலம் அதே டீக்கடைக்குப் போய், அதே டிரைவர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தாள்.

"நேத்து இவனத் திருடன்னு சொன்னது நாந்தான். இவன் ஒரு சொட்டு எடுக்கல. பெரிய டயரப் போட்டுட்டு மீட்டர நம்பினது என் மடத்தனம். எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள்.

அதோடும் அவளுக்கு ஆறவில்லை. அவன் வீட்டுக்கும் அந்தப் பேச்சு போயிருக்குமே, பெண்டாட்டி எப்படித் துடித்தாளோ என்று நேராக அய்யனார் வீட்டுக்கு நடந்தாள். அவன் பெண்டாட்டி செல்லக்கிளி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாணிக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னத மனசுல வச்சுக்காத செல்லக்கிளி. தப்பு எம்மேல."

செல்லக்கிளிக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னங்கக்கா தப்பு? அவரு ஒண்ணும் சொல்லலியே. 'நாளைக்கு அக்காவும் வண்டியில வராங்க, முன்சீட்டத் தொடைக்கணும்'னு சொல்லி, ஒரு பழைய துணி வாங்கிக்கினு போனாருங்க."

வண்டி ஏற வருஷக்கணக்கில் யார் தோளையும் பிடிக்காத மாணிக்கம்மாள், அன்றைக்கு அந்தச் சின்ன வாசற்படியில் செல்லக்கிளியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.